கலாவுக்கு மட்டும் திறக்காத ஷவர்

பைப்காரனை நல்ல சேதி சொல்ல யாரும் கூப்பிடுவதில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்தேன். "மாணிக்கண்ணே, எங்க வீட்டுப் பைப்பெல்லாம் நல்லா ஓடுது, சும்மா வந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று ஒருத்தர்கூடச் சொன்னதில்லை. ஒழுகினால் கூப்பிடுவார்கள், அடைத்தால் கூப்பிடுவார்கள், திறக்காவிட்டால் கூப்பிடுவார்கள். சரியானதும் மறந்துவிடுவார்கள். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. பல்வலி போன பிறகு பல் டாக்டரை யார் நினைக்கிறார்கள்?

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு வாட்ஸ்அப் செய்தி. மலாக்காவில் பைப் வேலை செய்கிற நம்மவர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம். நான் வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகியும் என்னை அதிலிருந்து தூக்கவில்லை. போன வாரம் பாச்சாங்கில் தொழில் செய்யும் ஒருவர் எழுதியிருந்தார்: "ஷவர் திறக்கல. உள்சாமான் ரெண்டு தடவ மாத்தியாச்சு. நான் போனா தண்ணி வருது. வீட்டுக்காரம்மா தொட்டா வரல. பேய்னு சொல்றாங்க லா." அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதில் எழுத ஆரம்பித்து, நான்கு வரியில் அழித்துவிட்டேன். அந்தச் சின்னப் பெட்டிக்குள் அடங்குகிற விஷயம் இல்லை இது. அதோடு, அங்கே எழுதினால் எனக்கும் ஒரு சிரிப்புப் பொம்மை போடுவார்கள். இந்த வயதில் அது தேவையா?

நான் ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். பள்ளிக்கூடம் எனக்கு ஒத்து வரவில்லை, எனக்கும் அதற்கும் பொருத்தமில்லை என்று சீக்கிரமே இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. பாச்சாங்கில் ஒரு கட்டட வேலைக் குத்தகைக்காரரிடம் பைப் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் மூன்று வருஷம் குழி தோண்டினேன், சாமான் தூக்கினேன், திட்டு வாங்கினேன். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் ஃபோர்மன் துரைசாமியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பைப் வேலைக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வருகிற ஆளை அவருக்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அந்தச் சட்டை அழுக்காகிப் பார்த்ததும் இல்லை. ஏனென்றால் அவர் எதையும் லேசில் தொட மாட்டார். வீட்டுக்குள் போவார், கையைப் பின்னால் கட்டிக்கொள்வார், நிற்பார். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். வீட்டுக்காரர்களுக்கு எரிச்சல் வரும். இந்த ஆள் வேலைக்கு வந்தானா, சாமி கும்பிட வந்தானா என்று அவர்கள் முணுமுணுப்பது என் காதில் விழும், அவர் காதில் விழாது.

நான் துடுக்காகக் கையை நீட்டினால், "கை வைக்காத. கை வச்சா அது ஒளிஞ்சிக்கும்" என்பார். குழாயின் கோளாறைத்தான் சொல்கிறார். ஆனால் ஏதோ உயிருள்ள பிராணியைச் சொல்வதுபோல் அடிக்குரலில் சொல்வார். நீளமான ஸ்குரூடிரைவரின் நுனியைச் சுவரில் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். உள்ளே தண்ணீர் போகிறதா, நிற்கிறதா, எங்கே நெருங்குகிறது என்று அவருக்குக் கேட்கும். எனக்கு முதல் வருஷம் என் சொந்த ரத்தம் ஓடுகிற சத்தம்தான் கேட்டது.

அலோர் காஜாவில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ் ஒன்றில் ஒரு ஆபீஸ் கிராணி வீட்டு ஷவரை நான் மூன்று தடவை மாற்றியும் அது நின்று நின்று போனது. துரைசாமி அண்ணன் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. எப்போது வரவில்லை என்று கேட்டார். "மத்தியானம்" என்றாள் அந்த வீட்டம்மா. மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு மண்டை பிளக்கிற வெயிலில் அந்த வீட்டுக்குப் பின்னால் போய் நின்றோம். கூரைமேல் மேடாக வளைத்துப் போட்ட பைப் வெயிலில் காய்ந்து, உள்ளே காற்று சேர்ந்து வழியை அடைத்துக்கொண்டிருந்தது. பைப்பைத் தாழ்த்திப் போட்டோம். ஷவரில் ஒரு குறையும் இல்லை, மூன்று நல்ல ஷவரை நான்தான் கழற்றி எறிந்திருந்தேன். அவர் திட்டவில்லை. "ஏன்னு அவங்களுக்குத் தெரியாது. எப்பன்னு தெரியும். அந்த நேரத்துக்குப் போய் நில்லு" என்றார். அவ்வளவுதான்.

அதைக் கேட்டுக்கொண்ட நானே முப்பது வருஷம் கழித்து அதை மறந்து போனேன். தலைக்கனம்தான், வேறென்ன.

வேலையை விடுவதற்குக் கொஞ்ச காலத்துக்கு முன்னால் சேகர் என்பவர் போன் செய்தார். ஜாசின் பக்கம் விற்றுப்போன ஒரு தோட்டத்தின் தொழிலாளர்களுக்குக் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில் கடைசி வீடு அவருடையது. வேலியை ஒட்டிச் செம்பனை மரங்கள். நல்ல பகலிலும் அந்த வீட்டுச் சமையலறையில் விளக்குப் போட்டால்தான் கை தெரியும். "அண்ணே, ஷவர் ரோசாக். தண்ணி வர மாட்டேங்குது. இந்த வாரத்துக்குள்ள பாத்துக் குடுங்க" என்றார். தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர், காலையில் கிளம்பினால் மூன்று மணிக்குத்தான் வருவாராம்.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் போனேன். கதவைத் திறந்தது சேகரின் அக்கா ராஜம்மா. ஐம்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் சின்ன வயதிலேயே தவறிப்போனதால் தம்பி வீட்டோடு இருப்பவர். கூடத்தில் மாலை போட்ட ஒரு பெண்ணின் படம், அதன் முன்னால் விளக்கு. சேகரின் முதல் மனைவி சாந்தி. மூன்று வருஷத்துக்கு முன்னால் அதே வீட்டுக் குளியலறையில் குளிக்கும்போது வழுக்கி விழுந்து இறந்தவர். மூன்று மாதத்துக்கு முன்னால்தான் சேகர் கோவிலில் வைத்து கலாவைக் கட்டியிருந்தார். இத்தனையும் ராஜம்மா எனக்குக் குளியலறை வாசலில் நின்றபடியே சொன்னார், நான் கேட்காமல்.

குளியலறைச் சுவர் முழுக்கப் புது வெள்ளை ஓடு. சாவுக்குப் பிறகு தம்பி மாற்றினது என்றார். ஷவர் குழாயைத் திருகினேன். தண்ணீர் கொட்டியது.

"நல்லாத்தான வருது?"

"எங்களுக்கு வரும்ணே. அவளுக்குத்தான் வராது" என்றார் ராஜம்மா.

அவள் என்றது கலாவை. சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்த பெண் தலையை நிமிர்த்தவில்லை. நாற்பது வயதை ஒட்டியவர். கூப்பிட்டுத் திருகச் சொன்னேன். தயங்கித் தயங்கித் திருகினார். அவருக்கும் வந்தது. எனக்கு வெற்றிச் சிரிப்பு.

"நீங்க நிக்கிறீங்க" என்றார் ராஜம்மா. "ஆம்பளை நிக்கிற எடத்துல சாந்தி இருக்க மாட்டா. இவ காலைல தனியா போயி கதவச் சாத்துனா, சொட்டுத் தண்ணி எறங்காது. வந்த மொத வாரத்துலருந்தே இப்படித்தான். வாய்விட்டுச் சொல்லல, கள்ளி. வாளிச் சத்தம் மட்டும் கேக்குதேன்னு நான்தான் கண்டுபுடிச்சேன்."

மழை வரும்போல் இருக்கு என்று சொல்கிற குரலில்தான் சொன்னார். எனக்கு முதுகில் ஏதோ ஊர்ந்தது. அதை மறைக்க, "பேய்க்கு வேற சோலி இல்லையாம்மா, பைப்பப் புடிச்சிக்கிட்டு நிக்கிறதுக்கு" என்று பகடி பேசினேன். யாரும் சிரிக்கவில்லை.

"இந்த ஷவருக்குப் போற லைன்ல தனியா வால்வு இருக்கா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் கெடையாது" என்றார் ராஜம்மா.

நம்பினேன். வீட்டுக்காரர் வாய்ச்சொல்லை நம்பி வேலை செய்யக் கூடாது என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. ஆனாலும் நம்பினேன். குழாயின் வாஷரை மாற்றினேன், ஷவர் தலையைக் காடியில் ஊறவைத்துத் துளைகளைச் சுத்தம் செய்தேன், கிளம்பினேன். மறுநாள் காலை ஏழரைக்குக் கலா போன் செய்தார். "வரலண்ணே." அந்த ஒரு வார்த்தைதான்.

செவ்வாய்க்கிழமை போய்க் குழாயையே மாற்றினேன். பழையதைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது சுவருக்குள்ளிருந்து டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. நகத்தால் ஓட்டைத் தட்டினதுபோல் இருந்தது. கையை எடுத்துவிட்டேன். மறுபடி கேட்கவில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பழைய துவாலை தொங்கியது. அதை யாரும் எடுக்கவும் இல்லை, உபயோகிக்கவும் இல்லை என்று பார்த்தவுடன் தெரிந்தது. வெளியே வந்துதான் மூச்சு விட்டேன். பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிபவன் நான். அது பொய் என்று அன்றைக்கு எனக்கே தெரிந்தது.

ராஜம்மா பின்கட்டில் துணி காயப்போடப் போன நேரம் பார்த்துக் கலா என் பக்கத்தில் வந்தார்.

"அண்ணே, வெள்ளிக்கெழமைக்குள்ள தெறந்துருமா?"

"என்னம்மா வெள்ளிக்கிழமை?"

"அண்ணி சாமி பாக்கக் கூட்டிட்டுப் போறாங்க. அருள் வாக்கு சொல்றவங்களாம். அதுக்கப்புறம் கொஞ்ச நாளைக்கு அலோர் காஜாவுல எங்கம்மா வீட்டுல போயி இருக்கச் சொல்லிட்டாங்க. சாந்தி மனசு எறங்குற வரைக்குமாம்." பின்கட்டை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். "அந்த வீட்டுல இப்ப எங்கண்ணன் குடும்பம் இருக்கு. நான் படுத்த ரூம்புல அவங்க புள்ளைங்க இருக்குது. போனா திரும்பக் கூப்புட மாட்டாங்கண்ணே. எனக்குத் தெரியும்."

"சேகர் என்ன சொல்றாரு?"

"அவரு படத்தையே பாத்துக்கிட்டு ஒக்காந்துக்கிறாரு."

அழுதிருந்தால் ஆறுதலாக ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் அழவில்லை. ஒரு பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்கிற மாதிரி கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். நான் அத்தனை வருஷத்தில் ஆயிரம் ஷவர் பார்த்திருப்பேன். ஒரு பெண்ணின் குடித்தனம் அதில் தொங்குவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அன்றிரவு வீட்டில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் என் மண்டையில் உறைத்தது. இரண்டு நாளும் பத்து மணிக்குப் போயிருக்கிறேன். கோளாறு வருவது காலை ஏழு மணிக்கு. மேலே இருந்து துரைசாமி அண்ணன் பார்த்திருந்தால் காறித் துப்பியிருப்பார்.

புதன்கிழமை காலை ஐந்தரைக்கே அந்த வீட்டில் இருந்தேன். சமையலறை நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன், எதையும் தொடவில்லை. ராஜம்மா அதற்கு முன்பே குளித்து, கூடத்தில் விளக்கேற்றியிருந்தார். அடுத்தது சேகர். அவர் குளிக்கும்போது ஷவர் நன்றாகக் கொட்டுகிற சத்தம் கேட்டது. சாப்பாடு கட்டிக்கொண்டு அவர் போனார். கலா வாஷிங் மெஷினில் துணியைப் போட்டார், பாத்திரம் கழுவினார், தரை துடைத்தார். மெஷின் இரண்டு தடவை தண்ணீர் பிடித்து ஓய்ந்தது. ஏழு மணிக்குக் கலா துணி எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

குழாய் திரும்புகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் இல்லை.

"வரலண்ணே."

கதவைத் திறக்கச் சொல்லி நான் உள்ளே போனேன். நேற்று நான் கையால் மாட்டின புத்தம் புதுக் குழாய். முழுக்கத் திறந்திருந்தது. மூடித் திறந்தேன். ஒரு துளி இல்லை. பக்கத்திலேயே கீழ்க்குழாயைத் திறந்தால் வாளியில் தண்ணீர் விழுந்தது. ஷவர் மட்டும் வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தது. ராஜம்மா வாசலில் வந்து நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "இப்ப நம்புறீங்களாண்ணே?"

குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு, கலாவையும் வெளியே வரச்சொல்லி, ஏணியைப் போட்டுக் கூரைக்குள் ஏறினேன். விளக்கடித்துப் பார்த்தேன். தண்ணீர் டேங்கியில் பாதிக்குக் கீழேதான் இருந்தது. காலையில் தமான் வீடுகள் முழுக்கக் குழாயைத் திறந்திருப்பார்கள், வெளித் தண்ணீர் நூல்போல வந்துகொண்டிருந்தது. அங்கேயே உட்கார்ந்து அது ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிஷம் இருக்கும். இருட்டு, புழுக்கம், எலிப்புழுக்கை நாற்றம். முக்கால் டேங்கி வந்தபோது, என் காலுக்குக் கீழே சுவருக்குள் அந்த டிக் சத்தம் கேட்டது.

உடனே கீழே ராஜம்மா அலறினார்.

இறங்கி ஓடி வந்தேன். ஆளில்லாத குளியலறையில் ஷவர் தானாகக் கொட்டிக்கொண்டிருந்தது. கதவு பாதி திறந்திருக்க, பழைய துவாலையில் சாரல் தெறிக்க, யாரோ நின்று குளிப்பதுபோல் சலசலவென்று விட்டுவிட்டு விழுந்தது. ராஜம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டு "சாந்தி, சாந்தி" என்று முனகினார். கலா அடுப்படிக் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் உள்ளே கால் வைக்கத் தோன்றவில்லை. காரணம் பாதி புரிந்திருந்தும் வாசலிலேயே நின்றேன்.

டேங்கி நிறைந்தால் வருகிறது, குறைந்தால் நிற்கிறது. அப்படியானால் ஆளைப் பார்த்து இல்லை, முறையைப் பார்த்து வருகிறது. யார் கடைசியில் குளிக்கிறாரோ அவருக்கு வராது. மூன்று மணிக்கு சேகர் வந்ததும் அவரையும் ராஜம்மாவையும் வைத்துச் சொன்னேன்.

"நாளைக்கு ஒரு நாள் முறைய மாத்துங்க. கலா மொதல்ல குளிக்கட்டும். அப்புறம் நீங்க. மெஷின் ஓடி முடிஞ்சதும் கடைசியில ராஜம்மா."

ராஜம்மாவுக்கு முகம் மாறியது. "அது எப்புடி? மொதல்ல குளிக்கிறவங்கதான் வெளக்கேத்தணும். அது சாந்தி கையால ஏத்துன வெளக்கு. நேத்து வந்தவ ஏத்துறதா?"

அப்போதுதான் எனக்கு அந்த வீட்டின் கணக்கு விளங்கியது. முதலில் குளிப்பவள்தான் விளக்கேற்றுவாள். விளக்கேற்றுகிறவள்தான் வீட்டுக்காரி. கலாவுக்கு அதனால்தான் கடைசி முறை. துணியையும் தரையையும் முடித்துவிட்டுத்தான் குளியல்.

சேகர் வெகுநேரம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு நாள்தானக்கா" என்றார் கடைசியில்.

வியாழக்கிழமை. கலா முதலில் குளித்தார். ஷவர் மழை மாதிரி கொட்டியது. ஈரத்தலையோடு வந்து விளக்கேற்றினார், தீக்குச்சி இரண்டு தடவை அணைந்தது. சேகர் குளித்து வேலைக்குப் போனார். மெஷின் ஓடி ஓய்ந்தது. ராஜம்மா குளியலறைக்குள் போனார். அவருக்கு விருப்பமில்லை, அது நடையிலேயே தெரிந்தது. தாழ்ப்பாள் விழுந்தது. குழாய் திரும்பியது.

சத்தமில்லை.

சரி, நாம் நினைத்தது சரிதான், இப்போது கூப்பிடுவார், விளக்கிச் சொல்லலாம் என்று நான் எழுந்தேன். அவர் கூப்பிடவில்லை. குழாயை மூடித் திறக்கிற சத்தம் ஒருமுறை கேட்டது. பிறகு உள்ளேயிருந்து அவர் யாரிடமோ மெல்லப் பேசுவது கேட்டது.

"நிறுத்திட்டியா? நான் நிறுத்துன மாதிரியே நீயும் நிறுத்திட்டியா?"

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். தரை துடைத்துக்கொண்டிருந்த கலாவின் கையும் நின்றது.

"என்கிட்ட வருவேன்னு தெரியும்டி. நீ அவகிட்டப் போறேன்னு நெனச்சேன். போ, அவளோடயே இந்த வீட்ட விட்டுப் போயிருன்னுதான் இருந்தேன்."

கதவு திறந்தது. ராஜம்மா கைலியைச் சுற்றிக்கொண்டு, உடம்பில் ஈரமே படாமல், நெற்றியில் வேர்வையோடு நின்றார். என்னைப் பார்க்கவில்லை. வாஷிங் மெஷினுக்குப் பின்னால் சமையலறைச் சுவரைக் கையால் காட்டினார். "அங்க இருக்குண்ணே" என்றார்.

மெஷினை நகர்த்தி, சுவர் ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டினேன். ஒன்று மட்டும் பொள்ளலாகக் கேட்டது. உளியால் பெயர்த்தேன். உள்ளே ஒரு பழைய வால்வு, பிடியை அறுத்துவிட்டிருந்தார்கள். மிஞ்சின திருகுக் கம்பியைப் பிடித்துச் சுற்றிப் பார்த்தேன். கால் சுற்றுத்தான் திறந்திருந்தது. அந்த ரக வால்வுக்குள் ஒரு தட்டு சும்மா உட்கார்ந்திருக்கும். தண்ணீரின் அழுத்தம்தான் அதை மேலே தூக்க வேண்டும். டேங்கி நிறைந்திருந்தால் டிக்கென்று தூக்கிவிடும், பாதியானால் தெம்பு போதாது, அழுக்கில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். பேய் என்றது இதைத்தான்.

ராஜம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். அவராகவே சொன்னார்.

"அன்னிக்கு மெஷின்ல துணி கெடந்துச்சு. தண்ணி கம்மி. அவ உள்ள போயி அரை மணி நேரம் ஆவுது. வெளிய வாடின்னு கத்துனேன், வரல. கோவத்துல இத மூடிட்டேன். அஞ்சு நிமிஷம் மூடுனா தன்னால வருவான்னு. அண்ணி, தண்ணி நின்னுபோச்சு, கண்ணுல சவுக்காரம்னு கூப்புட்டா. ரெண்டு தடவ கூப்புட்டா. நான் பேசல. தொம்முனு ஒரு சத்தம். அப்பவும் கோவத்துல எதையோ போடுறான்னுதான் நெனச்சேன்."

கைலி முனையால் நெற்றியைத் துடைத்தார்.

"கதவ ஒடச்சிப் பாத்துட்டு, ஓடியாந்து இத லேசாத் தெறந்து வச்சேன். யாருக்கும் தெரியக் கூடாதுன்னு. ஓடு போட வந்தவன்கிட்ட, இது அசிங்கமா இருக்கு, அறுத்து மூடிருப்பான்னேன். தம்பிக்குத் தெரியாது. மூணு வருஷமா நான்தான் அவளுக்கு வெளக்கேத்துறேன்."

எனக்குக் கோபம் வந்தது, பரிதாபமும் வந்தது, இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. கையில் வேலை இருந்தது நல்லதாகப் போயிற்று. தண்ணீரை அடைத்து, பழைய வால்வைக் கழற்றி, புதிதாகப் பிடி வைத்த வால்வைப் பொருத்தினேன். பெயர்த்த இடத்தை மூடவில்லை. திறந்து பார்த்தேன், பாதி டேங்கியிலும் ஷவர் தாராளமாகக் கொட்டியது.

அந்த நேரம் பார்த்து சேகர் போன் செய்தார். இரண்டு பெண்களும் என்னையே பார்த்தார்கள்.

"என்னாச்சுண்ணே?"

"வால்வு ரோசாக். மாத்தியாச்சு."

"அப்ப சாந்தி இல்லையாண்ணே?"

அவர் எந்தப் பதிலை எதிர்பார்த்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "இல்லப்பா. வெள்ளிக்கிழமை எங்கயும் போக வேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ஆனாலும் பொய் சொன்னவன் மாதிரி போனை அவசரமாகப் பைக்குள் போட்டேன்.

கலா மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, ராஜம்மாவின் தோளைத் தொட்டார்.

"எந்திரிங்கண்ணி. அவருகிட்ட நான் எதுவும் சொல்ல மாட்டேன். போயி குளிங்க."

ராஜம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"நாளைலருந்து நான் மொதல்ல குளிக்கிறேன். வெளக்கும் நானே ஏத்திக்கிறேன்" என்றார் கலா. குரலில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. மூன்று நாளாக நான் கேட்ட குரலே அது இல்லை.

ராஜம்மா தலையாட்டினார். எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அதோடு அவர் அழுகிற சத்தமும் கேட்டது.

நான் சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு திரும்பினேன். கலா மெஷினுக்குப் பின்னால், பெயர்த்த சுவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கை புது வால்வின் பிடிமேல் இருந்தது.

"லேசாத் திரும்புதாண்ணே இது?" என்று கேட்டார்.

"திரும்பும்மா" என்றேன்.

கையை அவர் எடுக்கவில்லை. திருப்பவும் இல்லை. குளியலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அலோர் காஜாவில் அடுத்த வேலை காத்திருந்தது. நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். ராஜம்மா குளித்து வெளியே வரும்வரை அந்த வீட்டை விட்டு நான் போகவில்லை.